காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

எனக்குப் பயம் எப்போதும் முதலில் வயிற்றில்தான் வரும். கேஸை அடைத்தேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுவேன். மகள் ட்ரெயினில் போய் இறங்கி போன் செய்யும்வரை எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. மழைக்காலத்தில் தாராவியில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே என் மனதில் ஏறிவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்படுவது ஒன்றுதான் யாரும் சொல்லித் தராமல் எனக்கு வந்த வேலை. அப்படிப்பட்ட நான் கல்யாணமான பிறகு கவலையே இல்லாமல் மூன்று நாள் இருந்தேன். அந்த மூன்று நாளில்தான் என் வீட்டுக்காரர் சாவு வரைக்கும் போனார்.

அவர் குடித்துச் சாகப் போகவில்லை. குடியை நிறுத்திச் சாகப் போனார். இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் சந்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நானே நம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் போலப் புருஷன் எப்போது நிறுத்துவான் என்று சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் இதைப் படிக்க வேண்டும்.

அவர் பெயர் சுடலைமுத்து. தோல் பை செய்கிற கார்கானாவில் ஒட்டுகிற வேலை. வெட்டி வந்த துண்டில் சொல்யூஷன் பசை தடவி, ஊதி, விரலால் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் இரண்டு துண்டையும் சேர்த்துத் தட்டுவார். அந்தப் பைகளுக்குப் பிசிறு நூல் வெட்டுகிற வேலையை நான் வீட்டில் வைத்துச் செய்கிறேன். அதனால் அவர் வேலை எனக்கும் கண்ணை மூடினால் தெரியும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு வேலை முடிந்து தினமும். கடைசியில் காலையில் பல் தேய்த்ததும் கொஞ்சம் வேண்டும் என்று ஆனது. குடித்தால்தான் கை நிற்கிறது, இல்லாவிட்டால் பிரஷ் பிடிக்க முடியவில்லை என்பார். சாக்குச் சொல்கிறார் என்று நானும் வாய்க்கு வந்தபடி பேசுவேன். அது சாக்கு அல்ல, உடம்பு குடிக்கு அடிமைப்பட்டுவிட்டதற்கு அதுதான் பெரிய அடையாளம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். காலையில் கை நடுங்குகிறதா, குடித்ததும் நடுக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் பார்த்தேன். பார்த்தும் தெரியவில்லை.

அவருடைய அக்கா செல்லத்தாய் மதினி சுனாபட்டியில் இருக்கிறார். இவர்களுடைய அப்பா சுடலைமாடனுக்குச் சாமியாடியாக இருந்தவர். எங்கள் சந்து முனையில் இருக்கிற சின்னக் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தால் அவர்தான் ஆடுவார். அவர் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. மதினிக்கு அது பெரிய குறை. இந்த வருஷம் தம்பி காப்புக் கட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காப்புக் கட்டினால் கறி கிடையாது, குடி கிடையாது, கொடை முடியும்வரை கோயிலில்தான் படுக்கை. "ஒரே கல்லுல ரெண்டு காரியம்ட்டி கோமதி. அப்பாக்கு வாரிசும் ஆச்சு, இவன் குடியும் போச்சு" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. மஞ்சள் கயிறு அவர் மணிக்கட்டில் ஏறியதைப் பார்த்தபோது என் வயிற்றிலிருந்த கல்லை யாரோ எடுத்தது போல இருந்தது.

முதல் நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். விரதம் என்றால் அப்படித்தான் என்றார் மதினி. மறுநாள் ஒரு கண் தூங்கவில்லை, எழுந்து எழுந்து நடந்தாராம். மாடன் பக்கத்தில் நிற்கிறார், தூங்க விட மாட்டார் என்றார்கள். நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலப் பூஜை. நான் பை மூட்டையைக் கார்கானாவில் போட்டுவிட்டு வருவதற்குள் கோயிலில் மேளம் ஏறிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அவர் நடுவில் நிற்கிறார். உடம்பு முழுக்க நடுக்கம். வேட்டி வேர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. கண் எங்கேயோ நிற்கிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுகிறார். அவ்வளவு சந்தோஷமாக மதினியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எங்கள் சந்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற தங்கராஜ் அண்ணாச்சி முன்னால் போய்க் கும்பிட்டு நின்றார். ரொம்ப நல்ல மனுஷன். காலையில் கடை திறக்கும்போது தராசில் சீனியைக் கொட்டினால் பாதி வெளியே சிந்தும், வயசாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவர் ஐரோலிப் பக்கம் ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று ரொம்ப நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் மாடனிடம் கேட்டார்.

என் வீட்டுக்காரர் இடது கையை விரித்து நீட்டினார். வலது விரலால் அதில் தடவினார். உள்ளங்கையில் ஊதினார். திருநீறு ஊதிக் கொடுக்கிறார் என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு சொன்னார்: "இன்னும் காயல. இப்ப ஒட்டுனா பிரிஞ்சிரும்."

அண்ணாச்சிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. எனக்கும் சிலிர்த்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. தடவி, ஊதி, விரலால் தொட்டுப் பார்த்து, முஷ்டியால் தட்டுகிறார். மறுபடியும் முதலிலிருந்து. சுவரோரம் நின்ற ஒருத்தரைத் தன் கார்கானா முதலாளி என்று நினைத்து, சேட், டப்பா தீர்ந்துவிட்டது என்று ஹிந்தியில் சொல்கிறார்.

மதினியின் கையைப் பிடித்தேன். "மதினி, அவிய பை ஒட்டுதாவ" என்றேன்.

"வாய மூடுட்டி. அய்யா எறங்கி நிக்காரு."

"மாடன் எதுக்கு மதினி சொல்யூஷன் டப்பா கேக்காரு?"

மதினி என் கையை உதறிவிட்டார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்ல முடியாது. கையில் எறும்பு ஏறுகிறது என்று தட்டித் தட்டி விட்டுக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டார். அப்போதுதான் என் மகள் மகேஸ்வரி காலேஜிலிருந்து வந்து கூட்டத்துக்குள் நுழைந்தாள். அப்பா கையைத் தொட்டாள். "மம்மி, பப்பா உடம்பு ஆக் மாதிரி, தீயா கொதிக்குது. டாக்ஸி புலாதேன்" என்று டாக்ஸி கூப்பிடத் திரும்பி ஓடினாள். அவள் ஓடிய அதே நேரத்தில் இவர் விறைத்துக் கீழே விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. மேளம் நின்றுவிட்டது. யாரோ ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தார்கள்.

மாட்டுங்காவில் தெரிந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத்தான் முதலில் போனோம். அங்கே டெபாசிட் கேட்டார்கள். அதை எங்கே புரட்டுவது என்று நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இங்கே ஐசியு காலியில்லை, நேரே பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். அதே டாக்ஸியில் திரும்ப ஏறினோம். டிரைவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை, ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டு போனார்.

கேஷுவல்டியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு மராத்திப் பெண். மகேஸ்வரியைவிட ஏழெட்டு வயசு கூட இருந்தால் அதிகம். ஹிந்தியில் வரிசையாகக் கேட்டார். முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரை உண்டா, தலையில் அடி பட்டதா. பிறகு, "தாரு பீதா ஹை க்யா?", குடிப்பாரா என்றார்.

மதினி முந்திக்கொண்டு இல்லை இல்லை என்றார். தம்பியின் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். விரதத்தில் இருக்கிறார், அந்த நாற்றமே ஆகாது என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னார். மதினி பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். காப்புக் கட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. கோயில் பூசாரியும் எங்களோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா குடியில்லை என்று எழுதிக்கொண்டார். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் மதினியை எல்லார் முன்னாலும் பொய்யாக்கியதாகும், கொடைக்குத் தீட்டு ஆகும், நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆனால் மாடன் கோபத்தை நான் வாங்கி வைத்தேன் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால்? அதற்குமேல் யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில்தான் வாய் திறந்தது, தைரியத்தில் இல்லை.

"பீதா ஹை மேடம்" என்றேன். "ரோஜ், தெனமும். காலையிலயும். மூணு நாளா நிப்பாட்டி இருக்காவ. தீன் தின்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். தினமுமா, எத்தனை வருஷமாக, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சடசடவென்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் திரும்பி நர்ஸிடம் மராத்தியில் ஏதோ சொன்னதும் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓர் ஊசி ஏறியது. குளுக்கோஸ் போடுவதற்கு முன்னால் ஒரு வைட்டமின் போட வேண்டும் என்று டாக்டரம்மா நின்று பார்த்துப் போடச் சொன்னார். குடிக்கிறவர்கள் உடம்பில் பி-ஒன் என்கிற அந்தச் சத்து வற்றிப்போயிருக்குமாம். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே கேடு வருமாம். எங்கள் சந்தில் யார் தள்ளாடினாலும் முதலில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத்தான் தொங்க விடுவோம்.

ஸ்கேனும் எடுத்தார்கள், விழுந்ததால் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க. ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அந்த டாக்டரம்மா, தூங்காத கண்ணோடு, வார்டில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். தினமும் குடிக்கிறவன் மூளை எப்போதும் பிரேக்கில் கால் வைத்த வண்டி மாதிரி. குடி அதை அழுத்திப் பிடிக்கிறது. மூளையும் விடாமல், அந்தப் பிரேக்கையும் மீறி ஓட ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பழகிக்கொள்கிறது. திடீரென்று ஒருநாள் பிரேக்கை எடுத்துவிட்டால் வண்டி என்ன ஆகும்? அதுதான் நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, காய்ச்சல், வலிப்பு. இல்லாத எறும்பு தெரிவதும், இருக்கிற பெண்டாட்டி தெரியாமல் போவதும் அதுதான். சிலர் தினம் செய்கிற வேலையையே வெறுங்கையால் செய்துகொண்டிருப்பார்களாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் ரொம்ப நாள் தினமும் குடித்தவரை டாக்டரிடம் காட்டாமல் ஒரே நாளில் நிறுத்த வைக்கக் கூடாது, மருந்து கொடுத்துப் பக்குவமாக இறக்க வேண்டும் என்றார்.

நான் வேறொன்றும் கேட்டேன். சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு பொடியைச் செம்பூர் மார்க்கெட்டில் ஒருத்தி என்னிடம் காட்டியிருந்தாள். நல்ல வேளை, அதை வாங்கப் பயந்து வந்துவிட்டேன். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்த மாதிரி மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து, அவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்றார். பயந்த சுபாவத்துக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அவரைக் கட்டிலில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே மஞ்சள் காப்பு. ஆயா வேலை பார்க்கிற மௌசி அதை வெட்டிவிடலாமா என்று கேட்டார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மா, அது ஒன்றும் செய்யாது, இருக்கட்டும், குழாயை மற்றக் கையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரவில் அவர் கட்டோடு சேர்ந்து இழுக்கும்போதெல்லாம் கட்டில் சக்கரம் கிறீச்சிடும். நான் கீழே பேப்பர் விரித்துப் படுத்திருப்பேன். கத்தினால் பயம், கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம், எழுந்து மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த பீகாரி வாலிபனின் அம்மா, உன் விரலே அவரை எழுப்பிவிடும், படு என்று திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பெரிதாக வாங்கவில்லை. வெளியே எழுதிக் கொடுத்த மருந்தும் சில ரத்த டெஸ்டும்தான் இடித்தது. கார்கானா சேட் சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பினார். மகேஸ்வரி கம்ப்யூட்டர் கிளாசுக்கு வைத்திருந்ததை என் கையில் வைத்துவிட்டு, பேட்ச் அடுத்த மாசம்தான் மம்மி என்றாள். அடுத்த மாசம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

மதினி மட்டும் என்னோடு பேசவில்லை. தினமும் சுனாபட்டியிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கட்டில் பக்கம் வைப்பார். தம்பி காலைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை கொடை. எல்லாரும் கோயிலில் இருப்பார்கள், அன்றைக்கு மதினி வரமாட்டார் என்று நான் வெளியே இட்லி வாங்கி வைத்திருந்தேன். விளக்கு வைத்த பிறகு வந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார், தலையில் பூ. கோயிலுக்குக் கிளம்பியவர் வழியில் திரும்பியிருக்கிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பை ஒட்டுதான்னு எப்பிடிட்டி கண்டுபிடிச்ச?"

"தட்டுறதுக்கு முன்னால ஊதுவாவ மதினி. வீட்டுலயும் சோத்த ஊதி விரல வச்சுப் பாத்துட்டுத்தான் திம்பாவ."

"அப்பா ஆடும்போது அவரு கைய நான் பாத்ததே இல்ல" என்றார் மதினி. பிறகு தூக்குவாளியைத் திறந்து எனக்கும் ஊற்றினார்.

என் வீட்டுக்காரருக்குத் தெளிவு வந்தது மெதுவாகத்தான். ஒரு காலையில் என்னைப் பார்த்து, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கோயிலில் நடந்த எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. கல்லீரலில் வீக்கம் இருந்தது, சோனோகிராபியில் தெரிந்தது, குடிக்காமல் இருந்தால் இறங்கும் என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பைத்தியத்துக்கா என்று முதலில் முறைத்தார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலக் குடிக்காக வந்தவர்கள். ஆசையைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள், செவ்வாய்க்கிழமை தோறும் வரச் சொன்னார்கள். கவுன்சிலிங் செய்கிற அம்மா, செம்பூரில் ஒரு சர்ச் ஹாலில் குடியை விட்டவர்கள் தமிழிலேயே கூடிப் பேசுகிறார்கள், எந்த மதம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள், போங்கள் என்று அனுப்பினார். போனார். பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார்.

இனிமேல் பயம் குறையும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது கூடியது.

சந்தில் அவரைப் பார்க்கிறவர்கள் கும்பிட்டார்கள். மாடன் இறங்கிய உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது என்று பேச்சு. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சந்தில் அவரை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. சாக்கடையில் கிடந்தபோது தாண்டிப் போனவர்கள் இப்போது சாமி என்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் டாக்டரம்மா சொன்னபடி இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வாயை மோந்தும் பார்ப்பேன். என்ன, போலீசா என்பார்.

கவுன்சிலிங் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: நீங்கள் காவல் இருந்து ஒருவரைக் காப்பாற்ற முடியாது, இது வியாதி என்று அவர் வாயால் நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அன்றைக்குத்தான் பாதி தூரம் வந்த மாதிரி. எப்படிச் சொல்வார்? சொன்னால் சாமி மறுபடியும் குடிகாரன் ஆகிவிடுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வந்திருந்தார். தங்கராஜ் அண்ணாச்சி ஒரு தாம்பாளத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஐரோலி ரூமைக் காட்டியவன் அதே ரூமுக்கு இன்னும் பலரிடம் அட்வான்ஸ் வாங்கி ஓடிவிட்டானாம். மாடன் வாக்கால் அண்ணாச்சி பணம் தப்பியது. தாம்பாளத்தில் வாழைப்பழம், சுருட்டு, கதம்பம். நடுவில் ஒரு குவார்ட்டர் பாட்டில். சுடலைமாடனுக்குப் படையல் என்றால் சுருட்டும் சாராயமும் இல்லாமல் கிடையாது. எங்கள் ஆட்கள் யாருக்கும் அதில் தப்புத் தெரியாது.

அதை அவர் முன்னால் வைத்துவிட்டு அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அய்யா சொன்ன வாக்கு பலிச்சிட்டு. ஏத்துக்கிடணும்" என்றார்.

நான் அடுப்பிலிருந்து இரண்டு எட்டு வைத்தேன். பாட்டிலை எடுத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. மதினி என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை, சாமி காரியத்தைத் தடுக்காதே என்கிறார் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கைவிரல் தொடையின்மேல் தடவிக்கொண்டிருந்தது, சொல்யூஷன் தடவுகிற மாதிரியே.

"அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு வந்தது மாடன் இல்ல."

"என்ன சாமி சொல்லுதிய?"

"குடி. தெனமும் குடிச்சவன் திடீர்னு நிப்பாட்டுனா வருத சீக்கு அது. ஆஸ்பத்திரில பேரு வச்சிருக்காவ."

"அப்ப வாக்கு?"

"அது சொல்யூஷன் காயலன்னு சொன்னது. கார்கானால பையன்மாருகிட்ட தெனமும் சொல்லுததுதான்."

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். மதினி தலையை ஆட்டினார். தம்பி வாயாலேயே வரட்டும் என்றுதான் என் சேலையைப் பிடித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்கு வாரிசு என்று எத்தனை வருஷம் ஏங்கியவர், ஒரு தலையாட்டலில் அதைக் கொடுத்துவிட்டார்.

"அப்ப இத நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி, பாட்டிலைக் காட்டி.

"எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி. இங்கன இருந்தா நான் குடிச்சிருவேன்."

அண்ணாச்சி தாம்பாளத்தைத் தூக்கினார். மதினி எட்டிப் பழச்சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். "பழம் இருக்கட்டும்" என்றார்.

அதோடு கும்பிடு நின்றது. குழந்தைகளைக் கொண்டுவருவதும் நின்றது. சாமியே இல்லையாம், வெறும் குடியாம் என்று குழாயடியில் சிரித்தார்கள். அவர் சில நாள் வாசலில் உட்காரவில்லை. அந்த வாரம் செம்பூர் கூட்டத்தில் முதல் தடவையாக எழுந்து பேசினாராம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். உன்னிடம் சொன்னால் நீ அதற்கும் கவலைப்படுவாய் என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். தங்கராஜ் அண்ணாச்சி. கடையைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை. என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், அந்த ஆஸ்பத்திரிக்கு நீ என்னைக்குப் போவாய் என்று. தெரிந்தவர் ஒருத்தருக்காகக் கேட்பதாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "கைய நீட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு நீட்டினார். சீனி சிந்துகிற அந்த இரண்டு கையும் வாசல் வெளிச்சத்தில் படபடவென்று ஆடின. இவர் அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குச் செவ்வாய். நானே கூட்டிட்டுப் போறேன். அதுவர நீங்களா ஒண்ணும் நிப்பாட்டிராதீய" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பிப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ட்ரெயினில் கூட்டம் இருக்குமே, அண்ணாச்சிக்கு வழியில் மயக்கம் வந்துவிட்டால், மாத்திரைச் சீட்டை இவர் எடுத்தாரா என்று சந்து முனைவரை பின்னாலேயே போனேன். இதுவரை ஒருத்தருக்காக நடுங்கிய வயிறு இப்போது இரண்டு பேருக்காக நடுங்குகிறது. நடுங்கட்டும். கேஸை அடைத்தேனா என்று பார்க்க வேண்டும், எழுந்திருக்கிறேன்.